எதிர்பாராத உள்ளீடு

ஓட்டு எண்ண மென்பொருள் எழுதித் தா என்று கேட்டால்
தர மாட்டேன்.
பதினேழு வருடமாக நிரல் எழுதித்தான்
வயிறு கழுவுகிறேன்,
அதனால்தான் சொல்கிறேன்.
எங்கள் மொண்டெவிடியோவில் இன்னும்
காகிதம், உறை, சாத்திய வகுப்பறைக் கதவு.
இருந்துவிட்டுப் போகட்டும்.

போன வாரம் என் துணி துவைக்கும் இயந்திரம்
கணக்குத் தொடங்கச் சொன்னது.
கடவுச்சொல்லில் ஒரு குறியீடாவது வேண்டுமாம்.
சொட்டும் காற்சட்டை உள்ளே, நான் வெளியே,
நடுவில் ஒப்பந்தம், நாற்பது பக்கம்.
முன்னேற்றம் பற்றிப் பேச வருகிறவர்
முதலில் அதைக் காயப் போட்டுவிட்டு வரட்டும்.

நான் செய்வது விளையாட்டு.
கோட்டை, டிராகன், ஒரு தங்கப் பெட்டி.
திறக்கக் காசு.
உள்ளே நெருப்பு வாள் இருக்க வாய்ப்பு
ஆயிரத்தில் ஆறு.
அந்த ஆறைத் தட்டியது இந்த விரல்,
ஒரு வியாழக்கிழமை, சாப்பாட்டுக்குப் போகும் அவசரத்தில்.
திறக்குமுன் பெட்டி லேசாக நடுங்கும் பாருங்கள்,
அந்த நடுக்கமும் என்னுடையதுதான்.
மூன்று வாரம் உழைத்தேன் அதற்கு.
வாள் கிடைக்காத மற்றவர்கள் என்ன ஆனார்கள்?
அறிக்கையில் ஒரே வரி:
‘மறுபடி வாங்கினார்கள்.’

அரசியல் கேட்கிறீர்களா?
என் கட்சி சின்னது. கூட்டம் போட்டால் நாற்காலி மிஞ்சும்.
இடதா வலதா என்று அக்கா வால்கிரியா நோண்டுவாள்.
சாக்கடை, என்பேன்.
மழை பெய்தால் எங்கள் தெருவில்
இரு பக்கமும் ஒரே உயரத்துக்குத்தான் ஏறுகிறது தண்ணீர்.

அக்டோபர் ஞாயிறு. பள்ளிக்கூடம்.
கட்சிப் பிரதிநிதியாக நான் ஓரத்தில்.
மேசைத் தலைவி நிபியா எச்செகோயன்,
தபால் நிலையத்தில் வேலை,
கக்கத்தில் வெந்நீர்க் குடுவை, கையில் மாத்தே.

மதியம் ஒருவர் வெளியே வந்து கத்தினார்:
‘எங்கள் பட்டியல் ஒன்றுகூட இல்லை உள்ளே!’
எவனோ கட்டோடு தூக்கிப் போயிருக்கிறான்.
எங்கள் தொழிலில் இதற்குப் பெரிய பெயர் உண்டு,
இரவு முழுக்கத் தொலைபேசி அடிக்கும்.
நிபியா எழுந்தாள், புதுக்கட்டைப் பிரித்தாள்,
வைத்தாள், உட்கார்ந்தாள்.
மாத்தே ஆறவில்லை.

ஏழரைக்குக் கதவடைத்து எண்ணத் தொடங்கினோம்.
நூற்றுப் பன்னிரண்டாவது உறை கனத்தது.
வழுக்கி விழுந்தது
ஒரு துண்டு மொர்ட்டதெல்லா,
கொழுப்பு வேர்த்து, இளஞ்சிவப்பாய்.

நான் எழுதிய எந்த நிரலும்
அந்த இடத்தில் மூர்ச்சையாகியிருக்கும்.
நிபியா இரண்டு விரலால் தூக்கி
விளக்குக்கு நேரே காட்டினாள்,
முன்பக்கம், பின்பக்கம்.
யாருக்கும் ஆட்சேபம்?
இல்லை.
‘செல்லாது’ என்று எழுதினாள்.
பிறகு அரை மணி நேரம் வாதம்,
இறைச்சியையும் கட்டி அனுப்ப வேண்டுமா என்று.
விதி சொன்னது: உறைக்குள் இருந்தது எதுவோ, அது.
நூல் சுற்றி அரக்கு வைத்தோம்.

எங்கள் கட்சிக்கு நான்கு ஓட்டு.
ஒன்று என்னுடையது.
மற்ற மூவர் யார்?

என் விளையாட்டில்
யார் எத்தனை மணிக்குத் தூங்குகிறார்,
எந்த நிமிடத்தில் மனம் தளர்ந்து காசு கட்டுகிறார்,
எல்லாம் தெரியும் எனக்கு.
இந்த மூவரைத் தெரியவில்லை.
திங்கள் காலைப் பேருந்தில்
ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனேன்.
ரொட்டிக்கடைக்காரரா? ஓட்டுநரா?
தெரியாமல் இருப்பது
இவ்வளவு நிம்மதியா?

அலுவலகத்தில் சீரோ சொன்னான்:
‘ஆறை நான்காக்கலாம்.’
‘எண்ணைப் பெட்டிமேல் அச்சிடலாம்’ என்றேன்.
அவன் சிரித்தான். ‘சரி, ஓட்டெடுப்போம். கை தூக்குங்கள்.’

என் கை.
ஹிமேனாவின் கை, பாதி,
காது சொறிவதாகவும் சொல்லிக்கொள்ளலாம்.
சீரோ அந்தப் பாதியைக் குறித்துக்கொண்டான்.
எதிராக ஐந்து.

நான்காக்கும் வேலை என் பெயரில் வந்திருக்கிறது.
ஒரே ஒரு எண், ஒரே ஒரு விசை.
இன்று புதன்.
இன்னும் திறந்தே கிடக்கிறது.